இருபத்திரண்டு நிமிடப் பருந்து

படக்கதையில் அவன் பெயர் கரும்பருந்து.
செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர்.
கூரையிலிருந்து குதித்தால் கணுக்கால் வீங்கும்,
அடுத்த மாத இதழிலும் நொண்டுவான்.
எங்கள் கார்ட்டூனில் அவனுக்கு வயது பதினொன்று.
குட்டிப் பருந்து.
உடுப்பு நீலம்,
கறுப்பில் பொம்மை விற்காதாம்.
கூடவே ஒரு நீர்நாய், பேசும்.
அதைச் சேர்த்தவள் நான்தான்.

சேனல்காரர்கள் அனுப்பிய தாளைத்
திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்:
சாவு வேண்டாம். சிகரெட் வேண்டாம்.
பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய
எதுவும் வேண்டாம். பறப்பது பரவாயில்லை.
விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம்,
இருபதாவதில் வில்லன் வருந்தியாக வேண்டும்.

கத்தி குடையானது.
இரத்தம் சிராப் பாண்டோங் ஆனது.
மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கொள்ளைக் கும்பலே
இளஞ்சிவப்பில் வழுக்கி விழுந்து
மன்னிப்புக் கேட்டது.
மிஸ்டர் லோக் கைதட்டினார்.
அந்த மாதம் சம்பளமும் மூன்றாம் தேதியே வந்தது.

பதின்மூன்று வயதில்
மஸ்ஜித் இந்தியா சாலைக் கடையொன்றில்
ஏழாம் இதழைச் சீருடைக்குள் செருகிக்கொண்டு
மூச்சை விடாமலே பஸ் ஏறியவள் நான்.
ஏழாம் இதழில்தான் கிள்ளான் ஆறு.
மழை.
பாலத்துக்குக் கீழே வட்டிக்கு விடும் ஆலோங் ஒருவன்
கழுத்தளவு தண்ணீரில் கையை உயர்த்துகிறான்.
கரும்பருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
நான்கு பக்கம், ஒரு சொல் கிடையாது.
கடைசிக் கட்டத்தில் ஆறு மட்டும்.
அதற்குப் பிறகு அவன் எந்த இதழிலும் தூங்கவில்லை.
நான் இரண்டு ராத்திரி.

அதுதான் ஒன்பதாம் அத்தியாயமாக என் மேசைக்கு வந்தது.
முதலில் மழை நின்றது.
பிறகு ஆலோங் ஐஸ்கிரீம் வண்டிக்காரனானான்.
பிறகு ஃபாரிஸ் ஆற்றை
முழங்கால் ஆழத்துக்கு வரைந்து தந்தான்.
நீர்நாய் ஒரு தும்மல் தும்மி,
வாலால் மரக்கிளையைச் சுற்றிக்கொண்டு
"கையக் குடு அண்ணே" என்கிறது.
அவன் கொடுக்கிறான்.
மூன்று நொடி.
அப்புறம் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.

படக்கதை வரைந்தவருக்குப் பிரதி அனுப்பினோம்.
பட்டர்வொர்த்திலிருந்து ஒரே வரியில் பதில்:
காசோலை கிடைத்தது.

சனிக்கிழமை காலை எட்டரை.
செத்தாப்பாக்கில், காசு போட்டால் ஓடும் டோபிக் கடை.
சுவரில் டிவி.
துவைக்கத்தான் போகிறேன் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு போயிருந்தேன்.
ஏழு வயதிருக்கும் ஒரு பையன்
ஈரத் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு
பெஞ்சுமேல் நின்று பார்க்கிறான்.
இரண்டு நாள் யோசித்து எழுதிய குடை நகைச்சுவைக்கு
முழங்காலைச் சொறிந்தான்.
நீர்நாய் தும்மியதும் விழுந்து விழுந்து சிரித்தான்.
நானும்தான். என் தும்மல் அது,
ஒலிப்பதிவன்று ஆள் வராமல் போக
நானே மைக்கில் தும்மியது.

ஆறு வந்தபோது
சோப்புத்தூள் பாக்கெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன்.
மூன்று மொழியிலும்.

அடுத்தது ரோபோக்கள். அவன் பார்க்கவில்லை.
ஆறாம் எண் எந்திரத்தின் முன் மண்டியிட்டு
வட்டக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டியிருந்தான்.
உள்ளே ஒரு சிவப்புச் சட்டை
மேலே வருகிறது, கை விரிகிறது,
நுரைக்குள் போகிறது.
"கையக் குடு அண்ணே."
சிரிக்கவில்லை. சன்னமாக.
மறுபடி வந்தது. மறுபடி போனது.
"குடு அண்ணே."

இன்னும் பதினான்கு நிமிடம் என்றது எந்திரம்.
வெளியே அவன் அம்மா ஹாரன் அடித்தாள்.
உள்ளங்கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல்
"இரும்மா, உள்ள ஆள் இருக்கு" என்று கத்தினான்.

சட்டை என்னுடையது.
நான் சொல்லவில்லை.
பக்கத்தில் போய்க் குந்தினேன்.
"நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றான்.